சீருடையைக் கழற்றிய சேனாதிபதி

2016-ம் வருஷம் ஜூலை மாதம் 15-ம் தேதி, வெள்ளிக்கிழமை. இரவு மணி சுமார் ஒன்பது. துருக்கியின் தலைநகரான அங்காராவில், ராணுவத் தலைமைக் காரியாலயத்தில், பிரதம தளபதி ஹுலூசி அகார் தம் அறையில் இருக்கிறார். கதவு திறக்கிறது. உள்ளே வருகிறவர் அந்நியர் அல்ல. அதே கட்டடத்தில் வேலை பார்க்கும் ஒரு மேஜர் ஜெனரல். தினமும் சல்யூட் அடிக்கிறவர். அன்று அவர் கொண்டு வந்த செய்தி வேறு. நாட்டைக் கைப்பற்றும் காரியம் தொடங்கிவிட்டது, படைப் பிரிவுகள் கிளம்பிவிட்டன என்கிறார்!

அகார் சீறினார். பயனில்லை. ஆயுதம் தாங்கிய சிப்பாய்கள் அறைக்குள் புகுந்தார்கள். பின்னாலிருந்து ஒருவன் துணியால் அவர் வாயையும் மூக்கையும் பொத்தினான். கழுத்தில் பெல்ட் விழுந்து இறுகியது. கைகளில் விலங்கு ஏறியது. இவையெல்லாம் அவரே பின்னர் கொடுத்த வாக்குமூலத்தில் உள்ளவை. கழுத்தில் பதிந்த தழும்பை அப்புறம் வெளியான படங்களில் உலகமே பார்த்தது.

சில லட்சம் சிப்பாய்களுக்கு உத்தரவு போடுகிறவர் அவர். அந்த இரவில், தம் அறைக் கதவைத் தாண்ட உத்தரவு கேட்க வேண்டிய நிலை! வேலியே பயிரை மேய்வதைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறோம். இங்கே வேலி வேலியையே மேய்ந்தது.

வாசகர்களே, இந்த மனிதர் ஏறக்குறைய இரண்டு வருஷம் கழித்துத் தம் சீருடையைக் கழற்றி வைத்தார். கோட்டும் டையும் அணிந்து, அதே ராணுவத்துக்கு மேலான மந்திரி நாற்காலியில் உட்கார்ந்தார். ஒரு தளபதி மந்திரியானார் என்பதில் என்ன அதிசயம் என்று கேட்பீர்கள். துருக்கியில் அது அதிசயந்தான். ஏன் என்று பார்ப்போம்.

ஐந்தாவது கத்தி

துருக்கியின் மத்திய பீடபூமியில் கைசேரி என்று ஒரு நகரம். ரோமானியர் காலத்தில் அதற்குச் சிசேரியா என்று பெயர். தலைக்கு மேல், சுமார் 3,900 மீட்டர் உயரத்தில், எர்ஜியஸ் மலை வெண்பனித் தொப்பி போட்டுக்கொண்டு நிற்கும். மசாலா தடவிக் காய வைத்த மாட்டிறைச்சிக்கும், கெட்டிக்கார வியாபாரிகளுக்கும் அந்த ஊர் பிரசித்தம். அந்த ஊரில் 1952-ம் வருஷம் மார்ச் 12-ம் தேதி பிறந்தவர் அகார். 'அகார்' என்ற துருக்கிச் சொல்லுக்கு 'பாய்கிறது, ஓடுகிறது' என்று அர்த்தம். ஆற்றைப் பற்றிச் சொல்லும் வார்த்தை.

அவர் பிறந்த தேதியைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அவருக்கு எட்டு வயது. 1960 மே 27-ம் தேதி ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. தேர்தலில் ஜெயித்து வந்த பிரதம மந்திரி அத்னான் மெண்டரெஸ் கைதானார். 1961 செப்டம்பர் 17-ம் தேதி இம்ராலி என்ற தீவில் தூக்கிலிடப்பட்டார்.

அவருக்குப் பத்தொன்பது வயது நிறைந்த அன்றே, அதாவது 1971 மார்ச் 12-ம் தேதி, தளபதிகள் கூடி ஒரு கடிதம் எழுதினார்கள். டாங்கிகள் தெருவுக்கு வரவில்லை. கடிதம் ரேடியோவில் வாசிக்கப்பட்டது, அவ்வளவுதான். பிரதம மந்திரி சுலைமான் டெமிரெல் ராஜிநாமா செய்துவிட்டார்! அகார் அடுத்த வருஷம் ராணுவக் கல்லூரிப் படிப்பை முடித்து அதிகாரியானார்.

அவருக்கு இருபத்தெட்டு வயது. 1980 செப்டம்பர் 12-ம் தேதி, பிரதம தளபதி கெனான் எவ்ரென் பார்லிமெண்டைக் கலைத்தார். பிறகு அவரே ஜனாதிபதி.

அவருக்கு நாற்பத்தைந்து வயது நெருங்குகிறது. 1997 பிப்ரவரி 28-ம் தேதி, தேசப் பாதுகாப்புக் கவுன்சிலில் தளபதிகள் ஒரு பட்டியலை நீட்டினார்கள். சில மாதங்களில் பிரதம மந்திரி எர்பகான் பதவி விலகினார்.

நான்கு தடவை! ஒவ்வொரு தடவையும் காரணம் ஏறக்குறைய ஒன்றுதான்: கமால் அத்தாதுர்க் 1923-ல் ஸ்தாபித்த குடியரசுக்கு ஆபத்து, அதைக் காப்பாற்ற வந்தோம் என்பார்கள். ஆனால் அத்தாதுர்க் காலத்திலேயே இதற்கு ஒரு கோடு கிழிக்கப்பட்டிருந்தது. 1924-ல் தளபதிகளிடம், ராணுவப் பதவியா, பார்லிமெண்ட் ஸ்தானமா, இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். காஸிம் காராபெகிர் போன்ற பெரிய தளபதிகள் சேனையை விட்டுப் பார்லிமெண்டுக்குப் போனார்கள். ஃபெவ்சி சாக்மாக் சீருடையே போதும் என்றார்; 1944 வரை பிரதம தளபதியாக இருந்தார். ஓர் உறையில் இரண்டு கத்தி கூடாது என்பதுதான் ஏற்பாடு.

ஏற்பாடு ஏட்டில் இருந்தது. கத்தி அடிக்கடி உறையை விட்டு வெளியே வந்தது. நாம் ஆரம்பத்தில் பார்த்தது ஐந்தாவது கத்தி.

பட்டாளத்தில் ஒரு டாக்டர்

அகார் வெறும் கவாத்துப் பழகிய தளபதி அல்ல. படிப்பாளி. இத்தாலியில் நேப்பிள்ஸ் நகரத்து நேட்டோ தலைமையகத்தில் வேலை பார்த்தார். 1990-களின் இறுதியில், யுத்தத்தால் சிதறிக் கிடந்த பாஸ்னியாவில் சமாதானம் காக்கச் சென்ற துருக்கிப் படையில் இருந்தார். அங்காரா ராணுவக் கல்லூரிக்குத் தலைவராகவும் இருந்தார்.

2005-ம் வருஷம், இஸ்தான்புல்லில் பேர்பெற்ற போகாஜிச்சி சர்வகலாசாலையில் டாக்டர் பட்டம் பெற்றார். அவர் எடுத்துக்கொண்ட விஷயம் என்ன தெரியுமா? 1919-ல் அமெரிக்க ஜனாதிபதி வில்சன், ஜெனரல் ஹார்பர்ட் என்பவரை அர்மீனிய விஷயமாக நிலைமையைப் பார்த்து வரத் துருக்கிக்கு அனுப்பினார். அந்தத் தூதுக்குழுவின் கதைதான் அகாரின் ஆராய்ச்சி. ஹார்பர்ட் சிவாஸ் நகரத்தில் அத்தாதுர்க்கைச் சந்தித்துப் பேசிய சம்பவமும் அதில் அடக்கம். ராணுவ உடுப்புப் போட்ட ஒருவர் அரசியல் காரியமாகப் புறப்பட்டுப் போன கதை. அதை ஆராய்ந்தவருக்கே அப்படி ஒரு காலம் வரும் என்று அப்போது யார் கண்டார்கள்?

உதிர்ந்த நட்சத்திரங்கள்

இதற்கிடையில் நாட்டின் காற்று திசை மாறிவிட்டது. 2003-ல் எர்டோகன் பிரதம மந்திரியானார். சில வருஷங்களில், ஆட்சியைக் கவிழ்க்கச் சதி செய்தார்கள் என்று நூற்றுக்கணக்கான ராணுவ அதிகாரிகள் மேல் வழக்குகள் பாய்ந்தன. 'எர்கெனகான்' என்று ஒரு வழக்கு. 'பல்யோஸ்', அதாவது சம்மட்டி, என்று இன்னொன்று. முன்னாள் பிரதம தளபதி இல்கெர் பாஷ்பூகுக்கே 2013-ல் ஆயுள் தண்டனை!

2011 ஜூலையில் பிரதம தளபதியும் முப்படைத் தளபதிகளும் ஒரே நாளில் பதவி துறந்தார்கள். துருக்கி அப்படி ஒரு காட்சியைக் கண்டதில்லை. மேலே இருந்தவர்கள் போனார்கள். அடுத்த படியில் இருந்தவர்கள் ஏறினார்கள். அகாருக்கு நான்காவது நட்சத்திரம் கிடைத்தது அந்த வருஷந்தான். உதவிப் பிரதம தளபதி, 2013-ல் தரைப்படைத் தளபதி, 2015 ஆகஸ்டில் பிரதம தளபதி என்று உச்சிக்குப் போனார்.

சம்மட்டி வழக்கு என்ன ஆயிற்று? அதில் காட்டிய ருசுக்களில் பல போலி என்று பின்னால் தெரிந்தது. 2015 மார்ச்சில் 236 பேரும் விடுதலை. பாஷ்பூகும் 2014-லேயே வெளியே வந்துவிட்டார். போலி ருசுக்களைத் தயாரித்தவர்கள் யார்? அமெரிக்காவில் வாழ்ந்த ஃபத்துல்லா குலென் என்ற மதபோதகரின் சீடர்கள், போலீஸிலும் கோர்ட்டிலும் புகுந்து செய்த வேலை என்றது சர்க்கார். ஒரு காலத்தில் எர்டோகனுக்குத் தோள் கொடுத்த கூட்டந்தான் அது. 2013-ல் இரு தரப்புக்கும் பகை முற்றியது. அந்தச் சீடர்கள் ராணுவத்துக்குள்ளும் இருக்கிறார்கள், 2016 ஆகஸ்டில் கூடும் ராணுவ உயர் சபை அவர்களைக் களையெடுக்கப் போகிறது என்று பேச்சு அடிபட்டது.

களையெடுப்புக்குச் சில வாரம் முன்பு வந்தது ஜூலை 15.

அந்த இரவு

அன்று பிற்பகலிலேயே ஒரு மேஜர் உளவு இலாகாவுக்குப் போய், ஏதோ நடக்கப் போகிறது என்று சொல்லிவிட்டார். மாலையில் உளவுத் தலைவர் ஹகான் ஃபிடான் ராணுவக் காரியாலயத்துக்கே வந்தார். ராணுவ விமானங்கள் பறக்கக் கூடாது, டாங்கிகள் முகாமை விட்டு வெளிவரக் கூடாது என்று அகார் உத்தரவு போட்டார். விடியற்காலை மூன்று மணிக்கென்று குறித்திருந்த சதிகாரர்கள், குட்டு உடைந்தது என்று தெரிந்து, இரவு ஒன்பதுக்கே தொடங்கிவிட்டார்கள். நாடு விழித்திருந்த நேரம் அது. அந்த ஆறு மணி நேர வித்தியாசந்தான் சதிக்கு முதல் அடி என்று பலர் கணிக்கிறார்கள்.

ஆனால் அதே சமயத்தில் இஸ்தான்புல்லில் ஒரு தளபதி வீட்டுக் கல்யாணம். விமானப்படைத் தளபதியும் பல விமான ஜெனரல்களும் அங்கே விருந்தில் இருந்தார்கள். கல்யாண மண்டபத்துக்கே ஹெலிகாப்டரில் வந்து அவர்களையும் அள்ளிக்கொண்டு போனார்கள்!

அகாரை அங்காராவுக்கு வெளியே இருந்த அகின்ஜி விமானத் தளத்துக்குக் கொண்டு போனார்கள். ஓர் அறிக்கையை முன்னால் வைத்தார்கள். இதில் கையெழுத்துப் போடுங்கள், டெலிவிஷனில் வாசியுங்கள் என்றார்கள்.

அந்த நிமிஷத்தை நினைத்துப் பாருங்கள், வாசகர்களே. பிரதம தளபதியின் கையெழுத்து விழுந்தால் அது சதி அல்ல, ராணுவத்தின் உத்தரவு! தயங்கி நின்ற படைப் பிரிவுகள் எல்லாம் அதற்குக் கீழ்ப்படிந்திருக்கலாம். 1980-ல் அப்படித்தான் நடந்தது. எவ்ரெனைப் போல ஜனாதிபதி மாளிகையும் கிட்டியிருக்கும். ஆனால் எவ்ரெனின் முடிவையும் அகார் கண்டிருந்தார். 2014-ல், தொண்ணூறு வயது தாண்டிய அந்தக் கிழவருக்கு ஆயுள் தண்டனை விதித்தார்கள். மேல்முறையீடு முடியுமுன் 2015 மே மாதம் அவர் இறந்து போனார்.

அகார் கையெழுத்துப் போடவில்லை.

வெளியே நாடு கொதித்துக்கொண்டிருந்தது. போர் விமானங்கள் பார்லிமெண்ட் மேலேயே குண்டு போட்டன. எர்டோகன் செல்போன் திரையில் தோன்றி, ஜனங்களே, தெருவுக்கு வாருங்கள் என்று அழைத்தார். டெலிவிஷன் அறிவிப்பாளர் அந்தப் போனைக் காமிரா முன் பிடித்துக் காட்டினார். பாஸ்பரஸ் பாலத்தில் வெறுங்கையோடு ஜனங்கள் டாங்கிகளை எதிர்த்து நின்றார்கள். விடிந்தபோது சதி தோற்றிருந்தது. சதிகாரர்களை நீக்கி, 250-க்கும் மேற்பட்டவர்கள் உயிர் இழந்தார்கள். இரண்டாயிரத்துக்கு மேல் காயம்.

மறுநாள் காலை ஹெலிகாப்டரில் அகார் திரும்பி வந்தார். அவருடைய அந்தரங்க உதவியாளராக இருந்த அதிகாரியே சதியில் பங்குகொண்டதாகக் கைதானார் என்றால், அவர் மனம் எப்படி இருந்திருக்கும்! அகின்ஜி வழக்கில் 2020 நவம்பரில் 300-க்கும் மேற்பட்டவர்களுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. குலென், தமக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று 2024-ல் தாம் இறக்கும் வரை மறுத்தார்.

எல்லாரும் அகாருக்கு மாலை போட்டுவிடவில்லை. மாலை ஆறு மணிக்கே சந்தேகம் வந்தும், ஜனாதிபதிக்கு உடனே ஏன் சொல்லவில்லை? கல்யாணத்தில் இருந்த தளபதிகளை ஏன் எச்சரிக்கவில்லை? பக்கத்து அறையில் பாம்பு வளர்ந்தது தெரியாமலா இருந்தது? இப்படிக் கேள்விகள் கிளம்பின. பார்லிமெண்ட் விசாரணைக் குழுவுக்கு அவர் நேரில் வராமல் எழுத்து மூலமே பதில் தந்தார். கேள்வி கேட்டவர்களுக்கு அது போதவில்லை.

நாற்காலி மாறியது

இனித்தான் நம் கதையின் முக்கியமான கட்டம்.

துருக்கியில் அதுவரை பாதுகாப்பு மந்திரி என்றால் யார்? வரவு செலவு பார்ப்பார், ஆள் சேர்ப்பார், தளவாடம் வாங்குவார். பெரிய வீட்டுக் கணக்குப் பிள்ளை மாதிரி. பிரதம தளபதி அவருக்குக் கீழே அல்ல; நேராகப் பிரதம மந்திரிக்குத்தான் பொறுப்பு. அரசாங்க விழாக்களில்கூடத் தளபதிக்கு முன் வரிசை, மந்திரிக்கு அதற்குப் பின்னால்.

2016 ஜூலை கடைசியில் ஓர் அவசர உத்தரவு வந்தது. தரைப்படை, கடற்படை, விமானப்படை மூன்றும் பாதுகாப்பு மந்திரியின் கீழ் வந்தன. பழைய ராணுவப் பள்ளிகள் மூடப்பட்டன. தேசப் பாதுகாப்புச் சர்வகலாசாலை என்று புதிதாக ஒன்று பிறந்தது. ஆயிரக்கணக்கான அதிகாரிகள் வேலை இழந்தார்கள். அகின்ஜி தளத்தின் பெயரைக்கூட மாற்றிவிட்டார்கள்.

2018 ஜூலையில் பிரதம மந்திரி பதவியே ஒழிந்து, ஜனாதிபதி ஆட்சி முறை வந்தது. எர்டோகன் தம் புதிய மந்திரி சபையை அறிவித்தார். பாதுகாப்பு மந்திரி: ஹுலூசி அகார்! அதே வாரத்தில் இன்னோர் உத்தரவு: பிரதம தளபதியின் காரியாலயமும் இனிமேல் பாதுகாப்பு மந்திரிக்குக் கீழே.

கவனித்தீர்களா? முந்தின வாரம் வரை எந்தப் பதவி பெரிதாக இருந்ததோ, அதில் அகார் இருந்தார். எந்த வாரம் அது சிறிதாயிற்றோ, அந்த வாரம் அதற்கு மேலே போய் உட்கார்ந்தார். சுமார் நாற்பத்தாறு வருஷம் போட்டிருந்த உடுப்பு அலமாரிக்குள் போயிற்று.

மந்திரியின் ஐந்து வருஷம்

அவர் சும்மா இருக்கவில்லை. 2019 அக்டோபரில் துருக்கிப் படை வடக்குச் சிரியாவுக்குள் புகுந்தது. 2020 பிப்ரவரி இறுதியில், சிரியாவின் இட்லிப் பகுதியில் ஒரே விமானத் தாக்குதலில் 30-க்கும் மேற்பட்ட துருக்கிச் சிப்பாய்கள் மாண்டார்கள். மந்திரி அங்காராவில் அறிக்கை விட்டுக்கொண்டிருக்கவில்லை. தளபதிகளை அழைத்துக்கொண்டு எல்லையோர முகாமுக்கே போய்விட்டார். உடுப்பு மாறினாலும் பழக்கம் மாறுமா?

2019 ஜூலையில் ருஷ்யாவின் எஸ்-400 ஏவுகணைகள் அங்காராவில் வந்து இறங்கின. நேட்டோவில் இருந்துகொண்டு ருஷ்ய ஆயுதமா என்று அமெரிக்கா சினந்தது. துருக்கியை எஃப்-35 விமானத் திட்டத்திலிருந்து வெளியே தள்ளியது. அகார் வருஷக்கணக்கில் இரு பக்கமும் பேசிப் பேசிப் பார்த்தார். அந்த முடிச்சு அவர் காலத்தில் அவிழவில்லை.

ஆனால் இன்னொரு முடிச்சு அவிழ்ந்தது. ருஷ்யாவும் உக்ரேனும் யுத்தத்தில் இறங்கியதால், உக்ரேனின் தானியம் கருங்கடல் துறைமுகங்களில் தேங்கிவிட்டது. ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் ரொட்டி விலை ஏறியது. 2022 ஜூலை 22-ம் தேதி இஸ்தான்புல் டோல்மாபாஸே அரண்மனையில் ஒப்பந்தம். துருக்கிக்காகக் கையெழுத்துப் போட்டவர் அகார். ஆகஸ்ட் முதல் தேதி, 26,000 டன்னுக்கு மேல் மக்காச்சோளம் ஏற்றிக்கொண்டு 'ரஸோனி' என்ற கப்பல் ஒடேசாவிலிருந்து புறப்பட்டது. ஒரு வருஷம் கழித்து ருஷ்யா விலகிக்கொள்ளும் வரை, ஏறக்குறைய 3 கோடியே 30 லட்சம் டன் தானியம் அந்த வழியே போயிற்று. கழுத்தை இறுக்கியபோதும் ஓர் இரவில் போட மறுத்த கையெழுத்து. ஆறு வருஷம் கழித்து மனமுவந்து போட்ட கையெழுத்து. இரண்டும் ஒரே கைக்குச் சொந்தம்.

2023 பிப்ரவரி 6-ம் தேதி பூகம்பம். துருக்கியில் மட்டும் 53,000 பேருக்கு மேல் மாண்டார்கள். இடிபாடுகளில் குரல் கேட்டுக்கொண்டிருந்த முதல் மணிகளில் ராணுவம் எங்கே என்று ஜனங்கள் கேட்டார்கள். முதலிலிருந்தே சிப்பாய்கள் களத்தில் இருந்தார்கள் என்றது மந்திரி காரியாலயம். ஆனால் கேள்வி அடங்கவில்லை. தானாக அடி எடுத்து வைக்காதே என்று ராணுவத்துக்குக் கற்பித்தாயிற்று. அடி எடுத்து வைக்க வேண்டிய நேரத்தில் தாமதமானால் அதற்கு யார் பொறுப்பு? பதில், மந்திரிதான் பொறுப்பு. அதிகாரத்தோடு பழியும் அந்த நாற்காலிக்கு வந்து சேர்ந்துவிட்டது.

யார் ஜெயித்தது?

2023 மே மாதத் தேர்தலில் அகார் சொந்த ஊரான கைசேரியிலிருந்து பார்லிமெண்டுக்குப் போனார். அங்கே தேசப் பாதுகாப்புக் கமிட்டிக்குத் தலைவரானார். ஜூன் மாதம் மந்திரி நாற்காலியில் அவருக்குப் பதிலாக வந்தவர் யார் தெரியுமா? யாஷார் கூலெர். அவரும் பிரதம தளபதியாக இருந்து நேராக மந்திரியானவர். அந்த ஜூலை இரவில் அகாரைப் போலவே கட்டுண்டு அகின்ஜிக்குக் கொண்டு போகப்பட்டவர்!

இங்கேதான் நாம் சற்று நிற்க வேண்டும். ராணுவம் மந்திரிக்கு அடங்கிவிட்டது, இனி டாங்கிகள் தெருவுக்கு வராது என்று சந்தோஷப்படுகிறவர்கள் துருக்கியில் உண்டு. அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. மெண்டரெஸைத் தூக்கில் போட்ட நாடு அது. அவர்களுக்கு எதிர்ப்பக்கம் நிற்பவர்கள், அடங்கியது சட்டத்துக்கா, ஒரு மனிதருக்கா என்று கேட்கிறார்கள். பிரதம தளபதியாக இருந்தபோதே, 2016 மே மாதம், எர்டோகனின் மகள் கல்யாணத்தில் சாட்சியாக நின்றவர் அகார் என்பதை அவர்கள் மறக்காமல் எடுத்துக் காட்டுகிறார்கள். முன்பு தளபதிகள் ஆட்சிக்கு உத்தரவு போட்டார்கள். இப்போது ஆட்சியாளருக்கு வேண்டிய தளபதிகளே மந்திரிகளாகிறார்கள். நடுவில் பார்லிமெண்ட் எங்கே என்பது அவர்கள் வாதம்.

2024 ஆகஸ்டில், ஒரு காலத்தில் அகார் தலைவராக இருந்த அதே ராணுவக் கல்லூரியில் பட்டமளிப்பு விழா. முடிந்ததும் இளம் அதிகாரிகள் வாளை உருவி உயர்த்தி, நாங்கள் முஸ்தபா கமாலின் சிப்பாய்கள் என்று கோஷமிட்டார்கள். சட்டப்படி நின்றுபோன பழைய சபதத்தையும் சொன்னார்கள். 2025 ஜனவரியில் அவர்களில் ஐந்து லெப்டினெண்டுகள் வேலையிலிருந்து நீக்கப்பட்டார்கள். உருவிய வாளைக் கண்டதும் ஒரு தேசமே திடுக்கிட்டு விவாதித்ததென்றால், பழைய பயம் இன்னும் தீரவில்லை என்றுதானே அர்த்தம்?

ஒரு சேனாதிபதி சீருடையைக் கழற்றுவது ஒரு நிமிஷ வேலை. ஒரு தேசம் தன் சேனையை நம்பத் தொடங்குவதும், சேனை தன் தேசத்தை நம்பத் தொடங்குவதும் ஒரு தலைமுறை வேலை. அகாரின் கழுத்தில் இறுகிய பெல்ட்டை அவிழ்த்துவிட்டார்கள். துருக்கியின் கழுத்தில் 1960 முதல் கிடக்கும் பெல்ட் கொஞ்சம் தளர்ந்திருக்கிறது. அதன் நுனி இப்போது யார் கையில் என்பதைத்தான் அந்த நாட்டு ஜனங்கள் கவனித்துக்கொண்டிருக்கிறார்கள்.